ஏழு பஸ்ஸா, ஒன்பது பஸ்ஸா?

12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வழித்தடத்தை எடுத்துக்கொள்வோம். பஸ் மணிக்குச் சராசரியாக 16 கிலோமீட்டர் ஓடினால் போக 45 நிமிடம், வர 45 நிமிடம். இரு முனைகளிலும் சேர்த்து 15 நிமிட ஓய்வு. ஆக, ஒரு சுற்றுக்கு 105 நிமிடம். கால் மணி நேரத்துக்கு ஒரு பஸ் என்றால் 105ஐ 15ஆல் வகுக்க வேண்டும். ஏழு பஸ். அட்டவணை போடுகிறவர்கள் இதைத் தாளும் பேனாவும் இல்லாமலே சொல்லிவிடுவார்கள்.

ஊர் வளர்கிறது. அதே சாலையில் வண்டிகள் பெருகி, பஸ்ஸின் வேகம் 13 கிலோமீட்டராகக் குறைகிறது. ஒரு பக்கப் பயணம் 55 நிமிடமாகிவிட, சுற்று 125 நிமிடம். 15ஆல் வகுத்தால் 8.3 வரும். பஸ்ஸைப் பின்னத்தில் வாங்க முடியாது, எனவே ஒன்பது. பயணிகள் கூடவில்லை, வழித்தடம் நீளவில்லை. நேற்றுத் தந்த அதே சேவையை இன்றும் தருவதற்கே இரண்டு பஸ் அதிகம் வேண்டியிருக்கிறது. பஸ்ஸோடு முடிந்ததா என்றால் இல்லை. நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் பஸ்ஸுக்கு இரண்டு ஷிப்ட், வாரத்துக்கு 14 ஷிப்ட். ஓர் ஓட்டுநர் வாரத்தில் ஆறு ஷிப்ட் பார்ப்பார். பத்தில் ஒரு பங்கு நாள் விடுப்பில் போகும். கணக்குப் போட்டால் ஒரு பஸ்ஸுக்கு 2.6 ஓட்டுநர். இரண்டு பஸ்ஸுக்கு ஐந்து பேருக்கு மேல். எரிபொருள், டயர், பணிமனையில் இரவு நிறுத்த இடம் எல்லாம் அதற்கு மேல்.

அதற்குப் பணம் இல்லாவிட்டால் ஏழு பஸ்ஸே ஓடும், இடைவெளி மட்டும் 18 நிமிடமாகும். யாரும் கையெழுத்திடாமல், எந்தக் கூட்டத்திலும் பேசாமல், சேவை குறைக்கப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டறிக்கையில் பயணிகள் குறைந்தார்கள், நஷ்டம் கூடியது என்று ஒரு வரி வரும். அந்த நஷ்டத்துக்குக் காரணமான முடிவு சாலைத் துறையின் கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். சாலைக்கு ஒரு பேரேடு, பஸ்ஸுக்கு ஒரு பேரேடு என்று தனித்தனியாக வைத்திருக்கும் நகரத்தில் இந்த இரண்டு கூடுதல் பஸ்ஸின் செலவை யார் தலையில் எழுதுவது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் பஸ்ஸின் தலையில்தான் விழும்.

சாலையை அகலப்படுத்தினால் வேகம் திரும்பிவிடாதா? சில காலத்துக்குத் திரும்பும். பொருளியல் அறிஞர் ஆந்தனி டவுன்ஸ் 1962லேயே இதை எழுதிவிட்டார்: உச்ச நேரத்தில் விரைவுச்சாலை அகலமானால், நெரிசலுக்குப் பயந்து வேறு நேரத்தில், வேறு வழியில், வேறு வாகனத்தில் போனவர்கள் எல்லாரும் அங்கேயே திரும்பி வந்து சேர்வார்கள். 2011ல் பொருளியல் ஆய்வாளர்கள் ஜில் டுராண்டனும் மேத்யூ டர்னரும் அமெரிக்க நகரங்களின் தரவுகளை வைத்துப் பார்த்தபோது, நெடுஞ்சாலைத் தடத்தின் (ஒரு வரிசை வண்டிகள் ஓடும் சாலைப் பகுதியின்) நீளம் எத்தனை சதவீதம் கூடியதோ, வண்டிகள் ஓடிய தூரமும் ஏறத்தாழ அத்தனை சதவீதமே கூடியிருந்தது. போட்ட தடத்தை வண்டிகளே நிரப்பிக்கொண்டன.

பஸ்ஸுக்கு இதில் இரண்டாவது அடியும் உண்டு. சாலை அகலமான முதல் சில மாதங்களில் கார் வேகமாகப் போகிறது. பஸ்ஸில் போனவர்களில் ஒரு பகுதி காருக்கு மாறுகிறார்கள். பயணி குறைந்தால் நடை, அதாவது பஸ் ஓடும் தடவை, குறைக்கப்படுகிறது. நடை குறைந்தால் காத்திருப்பு நீள்கிறது. மிச்சமிருந்தவர்களில் இன்னும் சிலர் விலகுகிறார்கள். 1972ல் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் காட்டியது இதன் மறுபக்கம்: பயணி கூடினால் பஸ்களைக் கூட்டலாம், கூட்டினால் ஏற்கெனவே பயணிப்பவர்களின் காத்திருப்பும் குறையும். சாலையில் ஒருவர் கூடினால் மற்றவர்களுக்கு இடைஞ்சல், பஸ்ஸில் ஒருவர் கூடினால் மற்றவர்களுக்கு லாபம். பணம் ஒதுக்கும்போது இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கிறோம் என்பதுதான் வேடிக்கை.

மேம்பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கீழே லாரி போக 5.5 மீட்டர் இடைவெளி விட்டு, அதன்மேல் தளத்தின் கனத்தையும் சேர்த்தால் சாலை ஏறத்தாழ 7 மீட்டர் உயர வேண்டும். 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவில் ஏற 210 மீட்டர், இறங்க 210 மீட்டர். இந்த நீளத்தில் பெரும்பகுதிக்கு இருபக்கமும் சுவர். நடப்பவர் எதிர்ப்பக்கம் போகச் சுவர் முடியும் இடம்வரை நடக்க வேண்டும். சந்திப்பில்தான் இரண்டு வழித்தடங்கள் வெட்டிக்கொள்ளும், அங்கேதான் பயணிகள் பஸ் மாறுவார்கள். பஸ் மேலே போனால் அந்த நிறுத்தம் போய்விடும். கீழே போனால், பாலத்தின் தூண்கள் தின்றதுபோக மிஞ்சிய குறுகிய பக்கச் சாலையில் ஊர்ந்துபோக வேண்டும். எனவே மேம்பாலத் திட்ட அறிக்கையில் முதலில் தேட வேண்டிய வரி, பஸ் மேலேயா கீழேயா என்பது. பல அறிக்கைகளில் அந்த வரியே இருக்காது. நெரிசலும் ஒழியாது, அடுத்த சிக்னலுக்கு இடம் மாறும். அங்கே இன்னொரு மேம்பாலத்துக்கு மதிப்பீடு தயாராகும்.

ஒரு தடத்தில் எத்தனை பேர் கடக்க முடியும் என்ற கணக்கைப் பார்ப்போம். பச்சை விளக்கு இடைவிடாமல் எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1,800 கார் கடக்கும். சிக்னலில் நமக்குக் கிடைப்பது நேரத்தில் 40 சதவீதம் என்றால் 720 கார். காருக்கு ஒன்றரை ஆள் வீதம் 1,080 பேர். அதே தடத்தை பஸ்ஸுக்கு மட்டும் விட்டு, நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்றால் 3,000 பேர். நிறுத்தங்களில் ஒன்றையொன்று முந்திச் செல்லத் தடமும் நடைமேடையும் கட்டினால் இதைப் பல மடங்கு உயர்த்தலாம் என்பதை 2000 டிசம்பரில் ஓடத் தொடங்கிய, கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் டிரான்ஸ்மிலேனியோ பஸ் சேவை காட்டியது. அதற்கும் முன்னோடி 1974ல் தொடங்கிய, பிரேசில் நகரமான குரிச்சிபாவின் பஸ் தடம்.

ஆனால் கண்ணுக்குக் கணக்குத் தெரியாது. நிமிடத்துக்கு ஒரு பஸ், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே 400 மீட்டருக்கு மேல் வெறும் தார்தான் தெரியும். பக்கத்துத் தடத்தில் நெரிசலில் நிற்பவருக்கு வயிறு எரியும். ‘சும்மா கிடக்கிற இடம்’ என்று மனு எழுதுவார். அந்தத் தடம் காலியாகத் தெரிவது அது சரியாக வேலை செய்வதற்கான அடையாளம். எப்போதும் நிரம்பியிருந்தால்தான் பஸ் தடத்தில் கோளாறு என்று பொருள். இன்னொன்று: ஆறு கிலோமீட்டர் பஸ் தடத்தில் ஒரே ஒரு சரக்கு வண்டி நிறுத்தப்பட்டிருந்தாலும் அந்த இடத்தில் பஸ் பொதுத் தடத்துக்குள் முட்டிமோதி நுழைய வேண்டும். ஆகவே கண்காணிப்புக் கேமராவும் அபராதமும் வண்ணப்பூச்சோடு சேர்ந்தே மதிப்பீட்டில் இருக்க வேண்டும். பூச்சுக்கு மட்டும் பணம் ஒதுக்கினால் கிடைப்பது வண்ணமடித்த வாகன நிறுத்துமிடம்.

முழுத் தடம் கிடைக்காத சாலைகளே ஊரில் அதிகம். அங்கே நொடிகளைப் பொறுக்க வேண்டும். நமது 12 கிலோமீட்டர் வழித்தடத்தில் 250 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றால் 48 நிறுத்தம். 400 மீட்டருக்கு ஒன்று என்றால் 30. ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தை விட்டுவிடுங்கள். வேகம் குறைத்து, கதவு திறந்து மூடி, மறுபடி வேகமெடுத்துப் போக்குவரத்தில் கலப்பதற்கே நிறுத்தத்துக்குச் சுமார் 20 நொடி. 18 நிறுத்தம் குறைந்தால் 360 நொடி, அதாவது ஆறு நிமிடம். பயணிக்கு இதில் என்ன நஷ்டம்? சாலை நெடுக நடக்க வேண்டிய சராசரித் தூரம் நிறுத்த இடைவெளியில் கால் பங்கு. 62 மீட்டர் 100 மீட்டராகும். அரை நிமிடம் கூடுதல் நடை. மருத்துவமனை வாசலில் இருப்பதை எடுக்கச் சொல்லவில்லை. இடைவெளியை அளவுகோல் வைத்துச் சமமாகப் பிரிக்கவும் சொல்லவில்லை. பஸ் மாறும் இடங்களையும் பெரிய கட்டடங்களின் வாசல்களையும் முதலில் குறித்துவிட்டு, நடுவில் இருப்பவற்றை நகர்த்த வேண்டும். நிறுத்தத்தை எடுப்பதாக அறிவித்தால் எதிர்ப்பு வரும். இரண்டை ஒன்றாக்கி நிழற்குடையும் விளக்கும் போட்டால் வரும் எதிர்ப்பு பாதிதான்.

அடுத்தது கட்டணம். ஏறும்போது ஓட்டுநரிடம் காசு கொடுத்துச் சில்லறை வாங்கினால் ஆளுக்கு நான்கு நொடி. முன்பே வாங்கிய அட்டையோ டிக்கெட்டோ இருந்து, எல்லாக் கதவுகளிலும் ஏறலாம் என்றால் இரண்டு நொடிக்குள். நடைக்கு 60 பேர் ஏறினால் இரண்டு நிமிடம் மிச்சம். நிறுத்தத்தில் கிடைத்த ஆறோடு இதைச் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு எட்டு நிமிடம், சுற்றுக்குப் பதினாறு. 105 நிமிடச் சுற்று 89 ஆகிறது. கால் மணி இடைவெளிக்கு ஆறு பஸ் போதும். ஏழாவது பஸ்ஸை இன்னொரு வழித்தடத்துக்கு அனுப்பலாம், அல்லது அதே வழித்தடத்தில் வைத்து 13 நிமிடத்துக்கு ஒன்று விடலாம். புதிய பஸ் வாங்காமல் ஒரு பஸ் கிடைத்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கு படிக்கட்டு போன்றது. பத்து நிமிடம் மட்டும் மிச்சப்படுத்தியிருந்தால் சுற்று 95, வகுத்தால் 6.3, மறுபடியும் ஏழு பஸ்தான். ‘இவ்வளவு செய்தும் ஒரு பஸ்கூட மிச்சமாகவில்லையே’ என்று திட்டத்தைக் கைவிடும் இடம் இதுதான். எந்த வழித்தடம் அடுத்த படியிலிருந்து எத்தனை நிமிடத் தூரத்தில் நிற்கிறது என்று முதலில் பட்டியல் எடுத்துவிட்டுப் பிறகு பணத்தைப் பிரிக்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும் என்கிற வழித்தடங்கள் எந்த ஊரிலும் சில இருக்கும்.

சிக்னலில் 60 முதல் 100 மீட்டர் நீளத்துக்கு பஸ் மட்டும் முன்னேறிப் போக ஒரு சிறு தடம், அதற்கென்று மற்ற வண்டிகளுக்கு முன்பே ஐந்தாறு நொடி பச்சை. முழுத் தடத்தின் பலனில் பெரும்பங்கு இதிலேயே கிடைக்கும், ஏனென்றால் பஸ் தாமதமாவது பெரும்பாலும் சந்திப்பின் வாயிலில்தான். நிறுத்தம் சந்திப்பைத் தாண்டி இருப்பது நல்லது. சந்திப்புக்கு முன்னால் இருந்தால், பஸ் வருவதை உணர்ந்து சிக்னல் பச்சையை நீட்டிக்கும்போது பஸ் கதவைத் திறந்து ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். நீட்டிய பச்சை வீணாகும். சாலையோரத்தில் உள்வாங்கிக் கட்டும் பஸ் பே பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். உள்ளே போன பஸ் வெளியே வர யாரும் வழிவிடுவதில்லை என்பதால் நகரச் சாலையில் அது காருக்குச் செய்யும் உபகாரம், பஸ் நிதியிலிருந்து. நடைபாதையைச் சற்று முன்னுக்கு நீட்டி, பஸ் தன் தடத்திலேயே நின்று ஏற்றிச் செல்வதுதான் சரி.

இனி, பஸ்கள் சேர்ந்தாற்போல் வருவது. இதற்கு ஓட்டுநரைத் திட்டுவது வழக்கம். ஆய்வாளர்கள் நியூவெலும் பாட்ஸும் 1964லேயே கணக்கில் காட்டிய இயல்பு இது: ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் கூடுதல் பேர் சேர்ந்திருப்பார்கள், அவர்களை ஏற்ற இன்னும் தாமதம், பின்னால் வருவதற்கு ஆளே இல்லை, அது ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். 10 நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வந்தால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். இடைவெளிகள் 18, 2, 18, 2 என்று ஆகிவிட்டால் காத்திருப்பு 8.2 நிமிடம். அலுவலகத்தில் பார்த்தால் இரண்டு நிலையிலும் மணிக்கு ஆறு பஸ் ஓடியிருக்கும், அறிக்கை சுத்தமாக இருக்கும். பத்தில் ஒன்பது பயணிகள் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் நிறுத்தத்துக்கு வந்திருப்பார்கள் என்பதும், அவர்கள் எல்லாரும் நெரிசலான பஸ்ஸில்தான் ஏறியிருப்பார்கள் என்பதும் சராசரியில் தெரியாது. அதனால் ஓடிய நடைகளை எண்ணுவதோடு நிற்காமல், ஜிபிஎஸ் பதிவிலிருந்து இடைவெளிகளின் பரவலை எடுக்க வேண்டும். தீர்வு, வழியில் ஓரிரு இடங்களில் நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட பஸ்ஸைச் சில நிமிடம் பிடித்து நிறுத்துவது. அதற்கு அங்கே பஸ் ஒதுங்கி நிற்க இடம் வேண்டும், அந்த இடம் மறுபடியும் சாலைத் துறையின் கையில்.

சாலைத் துறை என்றதும் தார் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஆஷோ (அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம்) நடத்திய சாலைச் சோதனையிலிருந்து வந்த விதி இன்றும் பொறியாளர்களின் கையில் இருக்கிறது: சாலைக்கு ஏற்படும் தேய்மானம் அச்சுச் சுமையின் நான்காம் படியை ஒட்டிக் கூடும். காரின் ஓர் அச்சு முக்கால் டன், பஸ்ஸின் பின்னச்சு 10 டன். சுமை 13 மடங்கு; தேய்மானம் சுமார் 30,000 மடங்கு. காருக்காக அகலப்படுத்தும் சாலையைக் கார்கள் உடைப்பதில்லை. பஸ்ஸும் லாரியும் மழைநீரும், குழாய் பதிக்கத் தோண்டி ஒழுங்காக இறுக்காமல் மூடிய பள்ளமும்தான் உடைக்கின்றன.

இதனால் பஸ் பணத்தில் ஒரு பகுதி தரைக்குப் போக வேண்டும். நிறுத்தத்தில் பஸ் தினமும் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறது, வெயிலில் இளகிய தார் அலையலையாக ஒதுங்குகிறது. அந்த அலைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். ஓட்டுநர் அதைத் தவிர்க்க நடைபாதையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துவார். முதியவர் சாலையில் இறங்கி மறுபடி ஏறுவார். ஏற்ற நேரம் கூடும். நிறுத்தத்தில் பஸ்ஸின் நீளத்துக்குச் சற்று அதிகமாக கான்கிரீட் தளம் போட்டால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறும். இன்னொரு கேடு, பழைய பரப்பைச் சுரண்டி எடுக்காமல் (மில்லிங் செய்யாமல்) அதன்மேலேயே புதுத் தார் போடுவது. ஒரு தடவைக்கு 40 மில்லிமீட்டர் என்றால் இரண்டு தடவையில் 80. நடைபாதை விளிம்பின் 150 மில்லிமீட்டர் உயரம் 70 ஆகிவிடும். தாழ்தளப் பஸ்ஸின் சாய்பலகை அந்த உயரத்தை நம்பித்தான் செய்யப்பட்டது. சக்கர நாற்காலிக்காரருக்குச் சரிவு செங்குத்தாகிவிடும். வடிகாலின் வாய் பள்ளத்துக்குள் போகும், சுற்றியுள்ள வீடுகளின் வாசல் தாழும். மில்லிங் செய்துவிட்டுப் போடு என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் போதாது; மேற்பார்வையாளர் முன்னும் பின்னும் மட்டம் அளந்து எழுதவும் வேண்டும்.

ஆயிரம் தடக் கிலோமீட்டர் சாலை வைத்திருக்கும் நகரம் பத்தாண்டுக்கு ஒருமுறை மேற்பரப்பைப் புதுப்பிப்பதாக இருந்தால் ஆண்டுக்கு நூறு செய்ய வேண்டும். அறுபதுக்குத்தான் பணம் என்றால் ஒரு சாலைக்கு மறுமுறை முறை வர ஏறக்குறைய 17 ஆண்டு. அதற்குள் மேற்பரப்பின் விரிசலில் நீர் இறங்கி அடிக்கல்லும் போய்விடும்; சுரண்டிப் பூச வேண்டியதைத் தோண்டிப் போட வேண்டியதாகும். இந்த நிலையில் இருக்கும் நகரம் ஒவ்வொரு புதிய தடத்தையும் கடனாகத்தான் எழுத வேண்டும். ஆனால் அது சொத்துப் பட்டியலில் ஏறுகிறது.

எங்கள் பார்வையில், சாலைப் பணத்திலிருந்து பஸ்ஸுக்கு மலிவாகக் கிடைக்கக்கூடிய ஒன்று, இந்தப் புதுப்பிப்புப் பட்டியல். புதுத் தார் போட்டதும் கோடுகள் எப்படியும் மறுபடி வரையப்படும். பழைய கோட்டின் மேலேயே வரைவதற்கும் பஸ் தடமாக வரைவதற்கும் செலவில் வித்தியாசம் சொற்பம். அடுத்த இரண்டாண்டுப் பட்டியலை பஸ் திட்டக்காரர்களிடம் முன்கூட்டியே கொடுத்தால், நிறுத்தத்தை நகர்த்துவது, கான்கிரீட் தளம், சிக்னல் முன்தடம் எல்லாம் ஒரே தோண்டலில் முடியும். பட்டியல் டெண்டர் விட்ட பிறகு வந்தால், போட்ட புதுத் தாரை மூன்று மாதத்தில் யாரோ வெட்டுவார்கள்.

கட்டுவதற்கு மானியம் கிடைக்கும், ஓட்டுவதற்குக் கிடைக்காது என்பது பல நாடுகளில் பழைய நோய். ஓட்டுவதற்குப் பணம் எங்கே என்றால், நெரிசலான பகுதிக்குள் வரும் வண்டிகளிடம் வாங்கும் நெரிசல் கட்டணம் ஒரு வழி. சிங்கப்பூர் 1975ல் தொடங்கியது. லண்டன் 2003 பிப்ரவரியில் ஐந்து பவுண்டில் தொடங்கியது. கட்டணம் வரும் முன்பே பஸ்களைக் கூட்டியிருந்தது, நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டமும் இருந்தது. ஸ்டாக்ஹோம் 2006ல் ஏழு மாதம் சோதனையாக வசூலித்தது, எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை நின்றதும் பெருமளவு திரும்பி வந்தன, 2007ல் கட்டணம் நிரந்தரமானது. எல்லா இடத்திலும் இது செல்லுபடியாகாது. மாற்று வண்டி இல்லாத ஊரில் கட்டணம் வெறும் தண்டம்.

ஊர் வளரும் விளிம்பில் தவறுகள் வேறு மாதிரி. வீட்டுமனைப் பிரிவுகள் ஒன்றுக்கொன்று இணையாத முட்டுச்சந்துகளாக வரும். பிரதான சாலை 200 மீட்டர் தூரத்தில் கண்ணுக்குத் தெரியும், நடந்து போக ஒரு கிலோமீட்டர். உடனே ‘பஸ் உள்ளே வரட்டும்’ என்ற கோரிக்கை எழும். அப்போது போட வேண்டிய கணக்கு இது: பஸ்ஸில் ஏற்கெனவே 40 பேர் இருக்கிறார்கள், உள்ளே போய்வர நான்கு நிமிடம் என்றால் 160 ஆள்-நிமிடம் இழப்பு. உள்ளே எட்டுப் பேர் ஏறி, ஆளுக்கு எட்டு நிமிட நடை மிச்சம் என்றால் 64. சுவரில் ஒரு நடைவழி திறந்துவிட்டால் இழப்பே இல்லை. மனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் நாளில் அந்த நடைவழியையும், 12 மீட்டர் பஸ் திரும்பும் வளைவையும், 7 மீட்டர் ஊடுசாலையையும் வரைபடத்தில் கேட்டு வாங்குவது எளிது. மதில் கட்டிய பிறகு நீதிமன்றம்தான்.

வழித்தடங்களை மொத்தமாக மாற்றி வரைவது பற்றிப் பயம் உண்டு. தென் கொரியாவின் சோல் நகரம் தன் நடுவில் ஓடிய செயோங்க்யேச்சோன் மேம்பாலச் சாலையை 2003ல் இடிக்கத் தொடங்கி, 2004 ஜூலையில் வழித்தடங்கள், சாலை நடுவே பஸ் தடம், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் தூரத்தை வைத்து ஒரே கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றியது. அமெரிக்காவின் ஹூஸ்டன் 2015 ஆகஸ்டில் உள்ளூர் பஸ் வலையை ஒரே நாளில் மாற்றியது. பெரும்பாலும் இருந்த பணத்தை வைத்தே, மையத்தை நோக்கி ஓடிய பஸ்களைச் சதுரக் கட்டங்கள் போன்ற, அடிக்கடி ஓடும் வலையாக ஆக்கினார்கள். அதற்கு முன் ஆளும் குழு ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது: பணத்தில் எத்தனை பங்கு ஆட்கள் அதிகம் ஏறும் இடத்துக்கு, எத்தனை பங்கு ஆட்கள் குறைந்தாலும் சேவை இருந்தாக வேண்டிய இடத்துக்கு? இரண்டும் வேண்டும் என்பது பதில் ஆகாது, விகிதம் வேண்டும்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு மறக்கப்படுவது அட்டவணை. ஓட்ட நேரத்தைப் பத்தில் ஒன்பது நடைகளாவது எட்டக்கூடிய அளவில் வைத்திருப்பார்கள், அது பழைய நெரிசலின் அளவு. தடம் போட்டு, நிறுத்தம் குறைத்து, சிக்னல் மாற்றிய பிறகும் பழைய அட்டவணையே ஓடினால், முன்கூட்டி வந்த பஸ் இடைநிறுத்தங்களில் நேரம் பார்த்து நிற்கும், அல்லது கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நிழலில் நிற்கும். பயணியின் கையில் எதுவும் வராது, ஏழாவது பஸ்ஸும் விடுபடாது. திறப்புவிழா முடிந்து ஆறு வாரம் ஜிபிஎஸ் பதிவைச் சேர்த்து, காலை, நண்பகல், மாலை, இரவு என்று பிரித்து ஓட்ட நேரத்தைப் புதிதாக எடுத்து, அட்டவணையையும் ஷிப்ட் பட்டியலையும் மறுபடி வெட்ட வேண்டும். அதற்கு ஒரு கணினியும் இரண்டு ஆட்களும் போதும். திட்ட மதிப்பீட்டில் அந்த இரண்டு ஆட்களுக்கான வரி பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும்.